வயிற்றில் மனத்தைக் கண்ட வைத்தியர்

சீன மூலிகை மேதை லீ ஷிஜென் வாழ்க்கை

மனத்தில் படுவதை வயிற்றின்மேல் ஏற்றிச் சொல்வது நம் தமிழர் வழக்கம். பயம் வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. அடுத்தவன் வாழ்வைக் கண்டு பொறுக்காதவனுக்கு வயிறு எரிகிறது. ஊரிலிருந்து நல்ல சேதி வந்தால் வயிற்றில் பால் வார்த்தது போல் இருக்கிறது. வீட்டை விட்டு வந்து, வெளியூரில் ஒற்றை அறையில் தங்கி, ஹோட்டல் சாப்பாட்டில் காலம் தள்ளுகிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மனம் சரியில்லாத நாளில் முதலில் மக்கர் செய்வது வயிறுதான்.

இது வெறும் பேச்சு வழக்குதானா, இதில் உண்மை ஏதும் உண்டா என்ற கேள்விக்கு இன்று விஞ்ஞானிகள் பரிசோதனைச் சாலையில் விடை தேடி வருகிறார்கள். ஆனால் நானூறு ஆண்டுகளுக்கு முன்பே, நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து இந்த உண்மையின் ஓர் ஓரத்தைப் பார்த்துவிட்டு, பார்த்ததை ஒளிக்காமல் எழுதி வைத்த வைத்தியர் ஒருவர் சீனாவில் இருந்தார். அவர் பெயர் லீ ஷிஜென். பரீட்சையில் மூன்று முறை தோற்றவர். அரண்மனை உத்தியோகத்தில் நிலைக்காதவர். தம் ஆயுளையே ஒரே நூலுக்குக் கொடுத்துவிட்டு, அது வெளிவந்ததைக் காணாமலே கண்ணை மூடியவர். இன்று சீன மருத்துவம் என்றாலே முதலில் சொல்லப்படும் பெயர்களில் அவருடையதும் ஒன்று.

மணியடிக்கும் வைத்தியரின் பேரன்

யாங்ஸி நதியின் வடகரையில், ஹூபே மாகாணத்தில் சீஜோ என்ற ஊரில் 1518ஆம் ஆண்டு லீ ஷிஜென் பிறந்தார். அப்போது சீனாவை மிங் வம்சத்தார் ஆண்டு வந்தனர். பாட்டனார் கையில் ஒரு மணியை ஆட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று வைத்தியம் பார்த்தவர். தந்தை லீ யென்வென் உள்ளூரில் பெயர் எடுத்த வைத்தியர், நூல்களும் எழுதியவர். ஆயினும் அந்தக் காலத்துச் சீனாவில் வைத்தியத் தொழிலுக்குப் பெரிய மதிப்பு இல்லை. மதிப்பும் சம்பளமும் அரசாங்கப் பரீட்சையில் தேறியவர்களுக்கே கிடைத்தன. எனவே, தாம் பட்ட பாடு மகன் படவேண்டாம் என்று தந்தை நினைத்தார். பையன் படித்துப் பெரிய உத்தியோகத்துக்குப் போகவேண்டும் என்பது அவர் ஆசை.

பையன் சிறு வயது முதலே நோஞ்சான். ஆனால் படிப்பில் கெட்டி. 14ஆம் வயதில் முதற்படிப் பரீட்சையில் தேறிவிட்டான். குடும்பம் மகிழ்ந்தது. அடுத்தது, மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை மாகாணத் தலைநகரான ஊசாங்கில் நடக்கும் பெரிய பரீட்சை. அதில் தேறினால்தான் உத்தியோகத்துக்கு வழி. லீ ஷிஜென் அதற்குப் போனார், தேறவில்லை. மீண்டும் போனார், தேறவில்லை. 1540இல் மூன்றாம் முறையும் வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

இந்த இடைக்காலத்தில்தான், அவருக்கு 20 வயதாகும்போது, உயிருக்கே ஆபத்தாக ஒரு நோய் வந்தது. தீராத இருமல், நெருப்பாய்க் கொதிக்கும் காய்ச்சல், நாள் ஒன்றுக்கு ஒரு கிண்ணம் அளவுக்குக் கோழை. உறக்கம் இல்லை; உணவு செல்லவில்லை. தெரிந்த மருந்தெல்லாம் கொடுத்தாயிற்று. ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் குறையவில்லை. பிழைக்கமாட்டார் என்றே எல்லோரும் எண்ணினர். அப்போது தந்தைக்குப் பழைய வைத்தியர் ஒருவரின் முறை நினைவுக்கு வந்தது. ஹுவாங்சின் என்ற மஞ்சள் நிற வேர் ஒன்றை மட்டும் எடுத்து, இரண்டு கிண்ணம் நீரில் போட்டு ஒரு கிண்ணமாகச் சுண்டக் காய்ச்சி, ஒரே வேளையாகக் கொடுத்தார். மறுநாள் காய்ச்சல் தணிந்தது. கோழையும் இருமலும் பிறகு அடங்கின.

இந்த நிகழ்ச்சியைப் பிற்காலத்தில் தம் நூலில், அந்த வேரைப் பற்றிய பகுதியிலேயே லீ ஷிஜென் எழுதி வைத்தார். மூன்றாம் தோல்விக்குப் பிறகு அவர் பரீட்சைப் புத்தகங்களை மூடினார். வைத்தியமே தம் வழி என்று தந்தையிடம் தெரிவித்தார். மகனை வேறு வழியில் செலுத்தப் பல ஆண்டுகள் முயன்ற தந்தை, பிறகு தம் தொழிலை மகனுக்குக் கற்றுக் கொடுத்தார்.

ஊமைக் கவலையும் உறங்கும் குடலும்

லீ ஷிஜெனின் புகழ் மெல்லப் பரவியது. ஏழைகள் வந்தனர், பிரபுக்களின் வீட்டிலிருந்தும் ஆள் வந்தது. அவர் பார்த்த நோயாளிகள் சிலரைப் பற்றிய குறிப்புகள் அவர் நூலில் இங்கொன்றும் அங்கொன்றுமாக இருக்கின்றன. அவற்றுள் ஒன்று நம் கவனத்துக்கு உரியது.

அரச குலத்தைச் சேர்ந்த ஒரு மாது. வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. வாழ்நாள் முழுவதும் அவருக்கு மலச்சிக்கல். பத்து நாளுக்கு ஒரு முறைதான் வெளிக்குப் போகும்; அதுவும் பிரசவ வேதனையைவிடக் கொடிய வேதனையோடு. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வைத்தியர்கள் மாறி மாறி மருந்து கொடுத்தனர். குடலுக்கு ஈரம் ஊட்டும் மருந்துகள் நெஞ்சை அடைத்தனவே தவிரப் பயன் தரவில்லை. கடும் பேதி மருந்துகளைக் கொடுத்தாலும் ஒன்றுமே விழுங்காதது போல் குடல் அசையாமல் கிடந்தது.

லீ ஷிஜென் வந்து பார்த்தார். குடலை மட்டும் பார்க்காமல் ஆளைப் பார்த்தார். கொழுத்த உணவு உண்டு பருத்த உடம்பு. எந்நேரமும் மனத்தில் கவலையும் துயரமும். தினமும் ஒரு கிண்ணம் புளித்த கோழையைக் கக்கினால்தான் நெஞ்சு இலேசாகும் நிலைமை. இந்த மூன்றையும் அவர் சேர்த்துப் பார்த்தார். குடல் வறண்டு போனதால் வந்த நோய் இது அன்று. உடம்பில் ஓடவேண்டிய சக்தி தேங்கி, மேலே ஏறுகிறதே தவிரக் கீழே இறங்கவில்லை. அதனால்தான் மற்ற மருந்துகள் தோற்றன என்பது அவர் முடிவு. ஒரு கொடியின் விதையையும் வேறொரு காயையும் சேர்த்து உருண்டையாக்கிக் கொடுத்தார். குடல் திறந்தது. அதன் பின் சிக்கல் தலைகாட்டும்போதெல்லாம் ஒரு வேளை மருந்தே போதுமானதாயிற்று. உணவுக்கும் குறைவில்லை. அத்துடன், அந்த மாதின் மனமும் தெளிந்து உற்சாகம் அடைந்தது என்று அவர் குறித்து வைத்தார்.

அந்த விதை கடும் பேதியை உண்டாக்கக் கூடியது. அதை இன்று யாரும் தாமாக எடுத்துப் பார்க்கக் கூடாது. நாம் கவனிக்க வேண்டியது அவர் எழுதிய அந்தக் கடைசி வரியை. மலச்சிக்கலுக்கு மருந்து கொடுத்தவர், மனம் தெளிந்ததையும் கவனித்து எழுதினார்.

மற்றொரு குறிப்பு, சீஜோவில் அரண்மனை அமைத்திருந்த சிற்றரசர் குடும்பத்து ராணியைப் பற்றியது. ராணி, தானிய மாவில் செய்த சேவை போன்ற பண்டத்தை உண்ட சமயம் ஏதோ காரணமாகக் கோபம் கொண்டார். அன்று முதல் வயிற்றின் மேற்புறத்தில் பொறுக்க முடியாத வலி. எந்த மருந்தைக் கொடுத்தாலும் வாயில் போட்டவுடன் வாந்தி. மூன்று நாள் மலம் போகவில்லை. லீ ஷிஜென் யென்ஹுசுவோ என்ற கிழங்கின் பொடியைச் சூடான மதுவில் கலந்து கொடுத்தார். மருந்து வயிற்றில் தங்கியது. சிறிது நேரத்தில் மலம் கழிந்து வலி நின்றது. இங்கும் உணவோடு கோபத்தையும் நோயின் காரணமாக அவர் எழுதத் தவறவில்லை.

கோரைக்கிழங்கின் பெருமை

துயரமும் கோபமும் உடம்பின் சக்தியைக் கட்டிப் போடுகின்றன என்ற கருத்து அவர் கண்டுபிடித்தது அன்று. அவருக்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஜூ ஜென்ஹெங் (1281-1358) என்ற வைத்தியர், உடம்பில் ஏற்படும் தேக்கங்களை ஆறு வகையாகப் பிரித்து, அவற்றைத் தீர்க்க யுவேஜு என்ற மாத்திரையை வகுத்திருந்தார். இன்றும் மனச்சோர்வுக்காகச் சீனாவில் ஆராயப்படும் பழைய மருந்துகளில் அது ஒன்று. அதில் ஐந்து சரக்குகள். ஒன்று, கோதுமை மாவையும் தவிட்டையும் மூலிகைகளோடு சேர்த்துப் புளிக்கவைத்து உலர்த்திய கட்டி. இன்னொன்று நமக்கு மிகவும் தெரிந்த கோரைக்கிழங்கு!

வயற்காட்டில் களையாக முளைக்கிற அதே கோரைதான். நம் ஊர்ப்பக்கம் வயிற்றுக் கோளாறுக்கும், குளியல் பொடிக்கும் அந்தக் கிழங்கைப் பயன்படுத்துவது வழக்கம். லீ ஷிஜென் தம் நூலில் இந்தக் கிழங்குக்குச் சேனாதிபதியின் அந்தஸ்தே கொடுத்துவிட்டார். சக்தித் தேக்கத்தால் வரும் நோய்களுக்கும், பெண்களின் நோய்களுக்கும் அதுவே முதன்மையான மருந்து என்பது அவர் கருத்து.

அரண்மனையும் ஆராய்ச்சியும்

சூ நாட்டுச் சிற்றரசர் லீ ஷிஜெனைத் தம் அரண்மனைக்கு அழைத்து வைத்தியசாலைப் பொறுப்பை அளித்தார். அங்கே இளவரசனுக்குத் திடீரென்று வந்த வலிப்பை அவர் தீர்த்தார் என்று வரலாறு கூறுகிறது. அந்தப் புகழால் தலைநகரான பீக்கிங்கிலுள்ள சக்கரவர்த்தியின் வைத்தியக் கழகத்துக்கும் சிபாரிசு செய்யப்பட்டார். ஆனால் அந்த உத்தியோகத்தில் அவர் நெடுநாள் இருக்கவில்லை. விட்டுவிட்டு ஊர் திரும்பினார்.

அப்போது ஆண்ட ஜியாஜிங் சக்கரவர்த்தி, சாகாமல் இருக்க மருந்து தேடுவதில் மோகம் கொண்டவர். பாதரசம் கலந்த காயகற்பங்களைச் செய்து தருபவர்களுக்கு அவர் காலத்தில் செல்வாக்கு இருந்தது. பாதரசத்தில் விஷம் இல்லை, உண்டால் நீண்ட ஆயுள் உண்டு என்று பழைய நூல்கள் சில கூறின. லீ ஷிஜென் இதை வெளிப்படையாக மறுத்தார். அதை நம்பி உண்டு கெட்டவர்கள் எண்ணற்றவர்கள் என்பதை எடுத்துக்காட்டினார்.

வைத்திய நூல்களில் உள்ள தவறு உயிரைக் குடிக்கும் என்பதே அவரை உறுத்திய விஷயம். ஒரே மூலிகை இரண்டு பெயரில் இரண்டு மருந்தாக எழுதப்பட்டிருந்தது. இரண்டு மூலிகைகள் ஒரே பெயரில் குழம்பிக் கிடந்தன. இதையெல்லாம் சீர்செய்து ஒரு புது நூல் எழுத 1552இல் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 34. எண்ணூறுக்கு மேற்பட்ட நூல்களைப் படித்தார். படித்தது போதாது என்று காடும் மேடும் திரிந்தார். வேடர், மீனவர், உழவர், விறகு வெட்டிகள் ஆகியோரிடம் கேட்டுக் கற்றார்.

எதையும் கண்ணால் பார்க்காமல் எழுதுவதில்லை என்பதற்கு எறும்புத்தின்னியின் கதை ஓர் உதாரணம். அது தன் செதில்களை விரித்துச் செத்தது போல் கிடக்கும், எறும்புகள் உள்ளே புகுந்ததும் செதிலை மூடிக்கொண்டு நீரில் இறங்கும், மிதக்கும் எறும்புகளைத் தின்னும் என்று பழைய நூல் ஒன்று கூறியது. லீ ஷிஜென் ஓர் எறும்புத்தின்னியின் வயிற்றை அறுத்தே பார்த்தார். படி அளவுக்கு எறும்பு உள்ளே இருந்தது. அதையும் எழுதி வைத்தார். ஊமத்தம் பூவை மதுவில் கலந்து தாமே அருந்தி, அது மனத்தை எப்படி மயக்குகிறது என்றும் குறித்தார். உயிரோடு விளையாடும் அந்தச் சோதனையை இன்று யாரும் செய்யத் துணியக் கூடாது.

மனம் இருப்பது இருதயத்தில் என்று சீன வைத்தியர்கள் நம்பிய காலம் அது. லீ ஷிஜெனோ, ஒரு பூமொட்டைப் பற்றி எழுதும்போது, மூளைதான் மனத்தின் மூல இருப்பிடம் என்று குறித்துச் சென்றார்.

மூன்று முறை திருத்தி எழுதி, 1578இல் நூலை முடித்தார். 27 ஆண்டு உழைப்பு. பிள்ளைகளும் மாணவரும் கூட உழைத்தனர். மகன்கள் படம் வரைந்தனர். பென்ஸாவ் காங்மூ என்ற அந்த நூல் 52 பாகங்கள் கொண்டது. அதில் 1,892 மருந்துப் பொருள்களும் 11,096 மருந்து முறைகளும் உள்ளன. அந்தப் பொருள்களில் 374 அவரால் புதிதாகச் சேர்க்கப்பட்டவை.

நூலில் பிழையே இல்லை என்று சொல்வதற்கில்லை. புல் மக்கி மின்மினிப் பூச்சி பிறக்கிறது என்ற அக்காலத்து நம்பிக்கை அதிலும் இருக்கிறது. பிறர் பிழையைத் திருத்தப் புறப்பட்டவரும் தம் காலத்துக்குக் கட்டுப்பட்டவரே.

அச்சில் காணாத நூல்

நூலை முடித்த பிறகுதான் உண்மையான சோதனை தொடங்கியது. அத்தனை பெரிய நூலை மரப்பலகையில் எழுத்து எழுத்தாகச் செதுக்கி அச்சிட வேண்டும். ஊர் பேர் தெரியாத வைத்தியரின் நூலுக்கு யார் பணம் போடுவார்கள்? 1580இல், வயது அறுபதைத் தாண்டிய நிலையில், வாங் ஷிஜென் என்ற புகழ்பெற்ற இலக்கியவாதியைத் தேடி நெடுந்தூரம் பயணம் செய்து, முன்னுரை வேண்டினார். முன்னுரை கைக்கு வர 1590 ஆயிற்று. பத்து ஆண்டுகள்!

முன்னுரை வந்த பின் நான்கிங் நகரத்துப் பதிப்பாளர் ஹூ செங்லொங் அச்சிட முன்வந்தார். பலகைகள் செதுக்கப்பட்டன. ஆனால் 1593இல் லீ ஷிஜென் காலமானார். நூல் மக்கள் கைக்கு வந்தது 1596இல். எழுதி முடித்ததிலிருந்து கணக்கிட்டால் 18 ஆண்டுகள்.

அதே 1596இல், தந்தையின் விருப்பப்படி மகன் லீ ஜியென்யுவான் நூலை வான்லி சக்கரவர்த்திக்குச் சமர்ப்பித்தார். நூல் பார்வைக்கு வைக்கப்பட்டது, சம்பந்தப்பட்ட இலாகாவுக்குத் தெரியட்டும் என்ற கருத்தில் ஏழே எழுத்துகளில் குறிப்பு எழுதிச் சக்கரவர்த்தி ஒதுக்கிவிட்டார். ஆபீஸில் ஃபைல்களோடு காலம் கழிக்கிறவர்களுக்கு அந்தக் குறிப்பின் பொருள் நன்றாகப் புரியும்.

அரசாங்கம் கைவிட்ட நூலை மக்கள் கைவிடவில்லை. 1603இல் ஜியாங்சி மாகாணத்தில் மறுபதிப்பு வந்தது. 1607இல் ஜப்பானுக்குச் சென்றது. பிறகு ஐரோப்பிய மொழிகளிலும் அதன் பகுதிகள் பெயர்க்கப்பட்டன. 2011இல் யுனெஸ்கோ நிறுவனம் இந்த நூலை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

சீனச் சரக்குகள் நம் நாட்டுக்கும் புதியவை அல்ல. நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் பறங்கிப்பட்டை சீனாவிலிருந்து கப்பலேறி வந்த கிழங்கு. ரேவல்சின்னி என்ற பெயரிலுள்ள சின்னி என்பதே சீனத்தைக் குறிப்பதுதான்.

குடலில் குடியிருக்கும் கோடிகள்

லீ ஷிஜென் காலமாகிச் சுமார் 80 ஆண்டுகளுக்குப் பிறகுதான், ஹாலந்தில் லீவன்ஹுக் என்பவர் பூதக்கண்ணாடியின் வழியாகப் பாக்டீரியா என்னும் நுண்ணுயிர்களை மனிதர் கண்ணுக்குக் காட்டினார். நம் குடலில் இவை கோடி கோடியாகக் குடியிருக்கின்றன. பெரும்பாலானவை நமக்குக் கேடு செய்யாதவை. சில உதவியும் செய்பவை.

லீ ஷிஜெனின் உயிரைக் காத்த ஹுவாங்சின் வேரையே எடுத்துக்கொள்வோம். அதன் முக்கியமான சத்து ஒரு சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் உடம்பு அதை எளிதில் உறிஞ்சுவதில்லை. குடல் பாக்டீரியா அந்தச் சர்க்கரையை வெட்டி நீக்கிய பிறகே சத்து நன்றாக உள்ளே செல்கிறது. அதிமதுரத்துக்கும் இதே கதைதான். ரேவல்சின்னியும், நம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து உலகெங்கும் போகும் நிலாவரையும் பேதியாக்குவது, குடல் பாக்டீரியா அவற்றின் சத்தை மாற்றிக் கொடுப்பதால்தான். இரண்டு பேர் ஒரே கஷாயத்தைக் குடித்தும் ஒருவருக்குக் கேட்டு மற்றவருக்குக் கேட்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னொன்றைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். கடுமையான வயிற்றுப்போக்குக்கு மனித மலத்தைக் கரைத்துக் கொடுக்கும் முறையை 4ஆம் நூற்றாண்டில் கோ ஹோங் என்ற சீன வைத்தியர் எழுதினார். லீ ஷிஜெனின் நூலிலும் அத்தகைய முறைகள் உண்டு. படிப்பவர் சிரித்த காலம் போயிற்று. திரும்பத் திரும்ப வரும் ஒருவகைக் கொடிய குடல் தொற்றுக்கு, ஆரோக்கியமானவர் மலத்திலுள்ள நுண்ணுயிர்களை ஆஸ்பத்திரியில் முறைப்படி செலுத்துவது பலன் தருகிறது என்று 2013இல் வெளிவந்த ஹாலந்து ஆய்வு நிரூபித்தது.

மனத்துக்கும் இந்த நுண்ணுயிர்களுக்கும் என்ன தொடர்பு? குடலிலிருந்து மூளைக்கு நேரே ஒரு பெரிய நரம்பு செல்கிறது. உடம்பிலுள்ள செரடோனின் என்ற பொருளில் 90 சதவிகிதத்துக்கு மேல் குடலில்தான் உண்டாகிறது. ஆனால் குடலில் உண்டானது அப்படியே மூளைக்குள் போய்விடுவதில்லை. 2004இல் ஜப்பானில், நுண்ணுயிரே இல்லாமல் வளர்த்த எலிகள் சிறு நெருக்கடிக்கும் அளவுக்கு மீறிக் கலங்குவதைக் கண்டார்கள். 2016இல் சீனாவின் சுங்கிங் நகரிலும் அயர்லாந்தின் கார்க் நகரிலும் தனித்தனியே ஆய்வு நடந்தது. மனச்சோர்வு கொண்ட மனிதரின் குடல் நுண்ணுயிர்களை எலிகளுக்குள் செலுத்தியபோது, அந்த எலிகளும் சோர்வுக்குரிய குணங்களைக் காட்டின.

இந்த வழியில்தான் பழைய சீன மூலிகைகள் மறுபடி ஆராயப்படுகின்றன. அவை குடல் நுண்ணுயிர்களை மாற்றி, அதன் மூலம் மனச்சோர்வைக் குறைக்குமா என்பது கேள்வி. எலிகளிடம் கிடைத்த முடிவுகள் பல நம்பிக்கை அளிக்கின்றன. மனிதரிடம் நடந்த ஆய்வுகள் சிறியவை. உறுதியான முடிவு சொல்லும் அளவுக்கு அவை இன்னும் வளரவில்லை.

அவர் விட்டுச் சென்ற பாடம்

ஆகவே, பழைய நூலில் இருக்கிறது என்பதற்காக எதையும் விழுங்குவது லீ ஷிஜெனுக்கே பிடிக்காத காரியம். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் இளைப்பதற்காகச் சீன மூலிகை மாத்திரை உட்கொண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் கெட்டது. காரணமான செடி, நம் ஊர் ஆடுதின்னாப்பாளையின் இனத்தைச் சேர்ந்தது. அதிமதுரத்தைக்கூட அதிகமாக நெடுநாள் உண்டால் இரத்த அழுத்தம் ஏறும். பரிசோதனை செய்து தேர்ந்தால் பழைய மூலிகை உலகுக்கே உதவும் என்பதற்கும் சான்று உண்டு. கோ ஹோங் குறித்து வைத்த ஒரு மூலிகையிலிருந்து மலேரியாவுக்கு மருந்து கண்ட டூ யூயூ அம்மையாருக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது.

2019இல் உலகில் சுமார் 28 கோடிப் பேர் மனச்சோர்வால் அவதிப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. வெளியூர் வாழ்க்கையில் அது பல சமயம் பசியின்மை, மலச்சிக்கல், வயிற்றுப் பொருமல் என்று வேறு வேஷத்தில் வரும். வாரக்கணக்கில் சோறு இறங்காமல், உறக்கம் இல்லாமல், எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் ஜெலூசில் வாங்கிப் போட்டு ஒதுக்கிவிடக் கூடாது. டாக்டரிடம் வயிற்றைப் பற்றிச் சொல்லும்போது மனத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். டாக்டர் கொடுத்த மாத்திரையைக் கஷாயத்தை நம்பி நிறுத்தக் கூடாது. 2022 முதல் மத்திய அரசு நடத்தும் டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணுக்கு எந்த மாநிலத்திலிருந்தும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

முப்பது ஆண்டுகள் வைத்தியர்கள் பலர் அந்த அரச குலத்து மாதின் குடலை மட்டுமே பார்த்தனர். பரீட்சையில் தோற்ற ஒருவர் வந்துதான், அந்த அம்மாளுக்குக் கவலை இருக்கிறது என்பதையும் நோய்க்குறியாக எழுதினார். 1,892 மருந்துகளை அடுக்கி வைத்த அந்தப் பெருநூலில், மருந்துக்கு முன்னே மனிதரைப் பார்க்க வேண்டும் என்ற அந்தச் சிறு குறிப்பும் இருக்கிறது. காலத்தால் பழசாகாதது அதுதான்.